இருநூற்றொன்று முதல் இருநூற்றுப் பதினாறு வரை

ஃபஹாஹீல், மீன் சந்தைக்குப் பின்தெரு.
என் இஸ்திரிக் கடைக்கு
யாரோ வெளுக்கப் போட்ட கோட்டின் பையிலிருந்து வந்தது நாவல்.
கோட்டுக்காரர் திரும்பவில்லை.
கோட்டை ஏழு மாதம் மாட்டி வைத்தேன்.
நாவலை அப்படி மாட்டி வைக்க முடியவில்லை.

அட்டை இல்லை. தலைப்பு இல்லை.
மொழிபெயர்த்தவர் பெயரில் மிச்சம் "நாதன்".
கதை இவ்வளவுதான்:
சதுப்பு நிலத்தில் ஒரு கல்மாளிகை,
உள்ளே முந்நூறு வயதுச் சீமாட்டி,
வழி தவறி வந்து தங்கும் விருந்தாளிகள்.
அவள் யாரையும் கொல்வதில்லை.
இரவுக்கு ஒரு கரண்டி ரத்தம். வெள்ளிக் கரண்டி.
குடித்ததும் கழுவித் துடைத்து வைத்துவிடுவாள்.

முதலில் வாங்கிப் போனது ஜெபக்கனி,
ரத்த வங்கியில் நர்ஸ்.
"ஒரு கரண்டின்னா பதினஞ்சு மில்லி அண்ணே.
மறுநாளே உடம்பு ஊற வச்சிரும்.
இதுக்கா அந்தப் பொண்ணு நாப்பது பக்கம் மயங்கி மயங்கி விழுறா?
ரெண்டு பேரீச்சம்பழம் குடுத்து எழுப்பிருக்கலாம்."
சொன்னாளே தவிர
திருப்பித் தரப் பதினெட்டு நாள் ஆயிற்று.

கிரேன் ஓட்டும் ஏகாம்பரம்
அறுபத்து மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டான்.
அன்று முதல் விளக்கணைக்க விடுவதில்லை என்று
அறையில் கூடப் படுக்கும் ஐந்து பேரும்
என்னிடம் வந்து சண்டை பிடித்தார்கள்.

ரஹ்மத் நிஷா அழுதாளாம். எங்கே என்றேன்.
"எல்லா எடத்துலயும்தான்.
பாவம், அவளுக்கு ஒருநாள்கூட வெயில் இல்லையே."
வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
வெயிலுக்காக ஒருத்தி ஏங்கி
இந்த ஊரில் அன்றுதான் கேட்டேன்.

டாக்ஸியில் வைத்து சிக்னலுக்கு சிக்னல் படித்த சிக்கந்தருக்கு
வர்ணனை ஆகவில்லை.
"மூடுபனி மூடுபனின்னு மூணு பக்கமா?
தூசிக்காத்துல வண்டி ஓட்டுறவன் நான்.
ஒரே வார்த்தைல சொல்லிருவேன்: தெரியல."

குணசிங்கம் மட்டக்களப்பு. கிடங்குக் கணக்கர்.
அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை.
"விசர்க் கதை. பேய்க்கு என்னத்துக்கு வெள்ளிக் கரண்டி?
எழுதினவனுக்குப் பசி தெரியாது."
ஓரமெல்லாம் பென்சில் கேள்விக்குறி,
எழுத்துப் பிழைக்கெல்லாம் வட்டம்.
ஒரு வியாழன் இரவு, எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு
அவர்தான் கேட்டார்:
"இருநூறுக்கு அடுத்த பக்கம் இருநூற்றுப் பதினேழு.
உங்களில ஒருத்தரும் காணேல்லையோ?"

காணவில்லை.
அழுதவளும்கூட அந்தப் பள்ளத்தை
ஒரே எட்டில் தாண்டித்தான் அழுதிருக்கிறாள்.

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை.
அது மேசை விரிப்புக்கு அடியில் இருக்கிறது.
பதினாறு பக்கம். சொட்டு ரத்தம் கிடையாது.
சீமாட்டி தன் உடுப்புக்குத் தானே பெட்டி போடுகிறாள்,
கரிப்பெட்டி,
கொசுவம் கொசுவமாக, விடியும் மட்டும்.
கண்ணாடியில் விழாதவள்.
வேலைக்காரியைக் கூப்பிட்டுக் கேட்கிறாள்:
பின்பக்கம் சரியாக இருக்கிறதா?
இருக்கிறது அம்மா, என்கிறாள் அவள்
பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு.

மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும்.
இதையும் கொடுத்தால்
கரிக்கு எவ்வளவு செலவு என்று யாராவது கேட்பார்கள்.

நேற்றும் வந்தார் குணசிங்கம்.
"பக்கம் கிடைச்சதோ?"
இல்லை என்றேன்.
"குப்பைக் கதைதான். எண்டாலும் ஒரு கணக்கு முடியோணும்."

தேய்த்த சட்டையை அங்கேயே போட்டுக்கொண்டு
முதுகைக் காட்டி நின்றார்.
"பின்னுக்குக் கொலர் சரியோ?"

பெட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.
நிமிராமல்
சரி என்றேன்.